சத்தம் வராத குச்சி

திருப்பதியில் ஒரு வாத்தியக் கடைக்குப் போய், "சத்தம் வராத டிரம்ஸ் குச்சி இருந்தா குடுங்க" என்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைக்காரர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சப்தம் ரானி கர்ரலா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், நான் தமிழில் கேட்டது உறைத்ததும் மாற்றிக்கொண்டார். "ஏம்பா, இது வாத்தியக் கட. இங்க வந்து சத்தம் வராதது கேக்கறியே. ஓட்டலுக்குப் போனா பசி ஆறாத இட்லி கேப்பியா?"

பஜனைக்கு ஜால்ரா வாங்க வந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலில், அந்த ஜால்ராக்களைப் பிடுங்கி ரோட்டில் வீசலாம் போல இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் சித்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். திருச்சானூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் தெலுங்குப் பாட்டு, நாகலாபுரம் பக்கம் திருவிழா என்றால் தமிழ்ப் பாட்டு. எங்கள் முதலாளியே பாடகரும்கூட. அவருடைய மச்சான் துபாயிலிருந்து வரும்போது ஒரு எலக்ட்ரானிக் டிரம்ஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தோலும் கிடையாது, மரப் பீப்பாயும் கிடையாது. ஸ்டாண்டில் மாட்டிய தட்டையான ரப்பர் தட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள், ஒயர்கள் போய்ச் சேருகிற ஒரு கறுப்புப் பெட்டி. தட்டில் அடித்தால் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வரும். ஸ்பீக்கரில் போட்டால் மண்டபமே அதிரும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அடிக்கிறவனுக்கு மட்டும் கேட்கும்.

"கல்யாண சீசன் வர்றதுக்குள்ள இது உன் கைக்கு வந்துடணும்" என்றார் முதலாளி. "வரலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் கூட்டியாந்துடுவேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது, ஆமா." இதையெல்லாம் அவர் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். அதற்காக அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பழகுவதற்கு வாகாக அந்த செட்டை என் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. வீட்டில் என் நைனா, அதாவது அப்பா, இருந்தார்.

நைனா எங்கள் கிறிஸ்தவ மிஷன் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். விளக்கேற்றுவது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. சித்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் அடிக்கும் மணிதான் கடிகாரம். சபையில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பார். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. அந்த இடைவெளியை அவர் போல யாரும் விட்டதில்லை. அந்த மனிதரை ஒரு நாள் பக்கவாதம் அடித்து, வலது பக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் டியூட்டி. எனக்குக் கச்சேரி சாயங்காலத்தில்தான். ஆகவே பகலெல்லாம் நைனாவுக்குக் காவல் நான்.

எங்கள் சபையில் ஆர்மோனியம் உண்டு, மணி உண்டு, மேளம் கிடையாது. சாவுக்குக்கூட மேளம் வராது. பாட்டுப் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். வெளியாட்கள் இதை வெள்ளைக்காரன் பழக்கம் என்று நினைப்பார்கள். உண்மை வேறு. வெதுருகுப்பம் பக்கத்தில் ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஆட்கள். கிறிஸ்தவர்களாகிக் கோயிலுக்கு வந்தபோது மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். சின்ன வயதில் மேளத்தின் பின்னாலேயே நடந்து போய், அடுத்தவன் வீட்டுக் கொல்லையில் இலை போடாமல் போட்ட சோற்றைத் தின்ற ஞாபகம் நைனாவுக்கு இருந்தது. நான் டிரம்ஸ் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்த அன்று அவர் சத்தம் போடவில்லை.

"மேளம் அடிச்சி சோறு துன்ன காலம் போயிட்டுது" என்றார். "நீ வெளிய இன்னா வேணா பண்ணிக்கோ. அத என் வூட்டுக்குள்ள மட்டும் கொண்டாராத."

அதற்குப் பிறகு நான் குச்சியைக்கூட வீட்டுக்குள் கொண்டு போனதில்லை. சைக்கிள் காரியரில் செருகிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

அப்படிப்பட்டவர் கையில் கடைசியில் நானே ஒரு குச்சியைக் கொடுக்க வேண்டி வந்தது. படுக்கையிலிருந்து அவர் கூப்பிட்டால் அடுப்படி வரை குரல் எட்டவில்லை. ஸ்பூனால் டம்ளரைத் தட்டச் சொன்னோம். ஸ்பூன் விரலில் நிற்கவில்லை. "உங்க பழைய டிரம்ஸ் குச்சி ஒண்ணு குடுங்க. கைக்குப் பிடிமானமா இருக்கும்" என்றாள் என் மனைவி. நுனி சிதறிப்போன ஒரு பழைய குச்சியை எடுத்துவந்து நீட்டினேன். நைனா இடது கையில் வாங்கி, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரும்புக் கட்டிலின் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவு சுத்தமாக விழுந்தது அந்த அடி. அன்றிலிருந்து அவர் தட்டினால் நாங்கள் ஓடுவோம்.

செட் வந்த அன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். "நைனா, இது மேளம் இல்ல. வெளிய சத்தமே வராது. காதுல மாட்டிக்கினு நான் மட்டும் கேட்டுக்குவேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வேறு வழியில்லாததால் அதையே சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

சத்தமே வராது என்று நான் சொன்னது பொய்யாகிப்போனது. பெட்டியின் சத்தம் என் காதுக்குள் அடங்கியது உண்மை. ஆனால் ரப்பர் மேல் குச்சி விழுகிற சத்தம் இருக்கிறதே, அதை யார் அடக்குவது? டக், டக், டக் என்று ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டிப் போனது. ஒரு பாட்டு முடிவதற்குள் கட்டில் தட்டப்பட்டது. நைனா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று ஒரு காதை மட்டும் மூடி, மறு காதைத் திறந்து வைத்துத்தான் வாசித்தேன். எழுந்து போனேன்.

"கொட்டிக்கினே கீற" என்றார் குழறியபடி. "தல நோவுது."

கால் பெடலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுப் பார்த்தேன். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தேன். மெதுவாக அடித்தால் பெட்டி மெதுவாகத்தான் பேசியது. அந்தப் பழக்கம் மேடைக்கு உதவாது. கடைசியில் தப்பு குச்சியில்தான் என்று முடிவுக்கு வந்தேன். என்னுடையவை தோல் டிரம்ஸுக்கு வாங்கிய கனத்த குச்சிகள். பந்தல் மூலையில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று பொறுக்கியவை. இனி வேறு மாதிரி வேண்டும். மனைவிக்கு விடுமுறை வந்த நாளில் அவளை நைனாவிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அப்படிப் போய்த்தான் அந்தக் கடைக்காரரிடம் பேச்சு வாங்கினேன்.

குச்சி வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கண்ணாடி மேசை மேல் உருட்டிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக ஏந்தி எடை சமமா என்று பார்க்க வேண்டும். பிறகு காதருகே வைத்து மரத்தைச் சுண்ட வேண்டும். ஒரே குரலில் பேசுகிற இரண்டுதான் ஜோடி. இத்தனை வருடமும் நல்ல குரல் உள்ளதைத் தேடியவன், அன்று ஊமையைத் தேடினேன். சுண்டச் சுண்ட ஒவ்வொன்றும் கணீர் என்றது. நுனியில் வெள்ளை நைலான் வைத்த குச்சி ஒன்று இருந்தது, புது மோஸ்தர். அது இன்னும் மோசம், ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

ரப்பர் மேல் அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. கடையில் ரப்பருக்கு எங்கே போவது? காலில் கிடந்த ஹவாய் செருப்பைக் கழற்றி, கண்ணாடி மேசை மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். இவ்வளவுதான் செய்தேன். கடைக்காரர் பாய்ந்து வந்துவிட்டார்.

"ஏய் ஏய்! சாமி கும்பிட்டு வாத்தியம் வாங்கற எடம்யா இது! செருப்ப மேச மேல வெக்கறியே, கொஞ்சமாவது புத்தி கீதா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஜால்ரா வாங்க வந்தவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை. செருப்பையும் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு கடைவாசல் படியில் போய் உட்கார்ந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத் தலைகள், கால் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போடுகிற ஒருவனைப் பார்த்தபடி ஒதுங்கிப் போனார்கள். இருப்பதிலேயே ஒல்லியான, வெளுத்த மரக் குச்சி ஒன்றுதான் கொஞ்சம் அடங்கிப் பேசியது. அதையும் அதன் ஜோடியையும் எடுத்துக்கொண்டேன்.

"இது கச்சேரிக்கு ஆவாது. ஒடிஞ்சா திருப்பிக் கொண்டாராத" என்று கடைக்காரர் கடுகடுத்தார்.

வீட்டுக்கு வந்து, நுனியில் பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டி மாட்டினேன். அடித்துப் பார்த்தேன். பஞ்சு மேல் விழுந்த மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க வாசித்தேன். கட்டில் தட்டப்படவில்லை. அடுத்த நாளும் தட்டப்படவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் தொழிலைச் செய்கிறேன் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியிடம்கூட பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நானாகவே எழுந்து போனேன். நைனா விழித்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் வாய் கோணியது.

"எங்கடா போயிட்ட?"

"எங்கயும் போவலியே நைனா. பக்கத்து ரூம்லதான் வாசிச்சிக்கினு கீறேன்."

"பொய் சொல்லாத. ஒரு சத்தமும் காணோம். வூட்ல ஆளு இருந்தா சத்தம் கேக்கணுமில்ல?"

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. கதவிடுக்கில் நான் திணித்த போர்வை அங்கேயே இருந்தது. இத்தனை நாளும் நான் வாசிக்கிற நேரமெல்லாம் என்னை வெளியே போய்விட்டவன் என்று நினைத்துக்கொண்டு, காலி வீட்டில் கிடக்கிறோம் என்றே அவர் கிடந்திருக்கிறார். குச்சி அவர் கைப்பக்கத்திலேயேதான் இருந்தது.

"தட்டி இருக்கலாமே நைனா? ஏன் தட்டல?"

"யாருக்குத் தட்டறது?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை அடக்கக் கோபப்பட்டுப் பார்த்தேன். சத்தம் கேட்டால் தலை வலிக்கிறது என்கிறார், கேட்காவிட்டால் ஆளில்லை என்கிறார், நான் என்னதான் செய்வது? கோபம் நிலைக்கவில்லை. அசைய முடியாதவனுக்கு வீடு என்பது காதுக்குக் கேட்கிறது மட்டும்தான் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

தண்ணீர் குடித்து முடித்ததும் அவரே வழி சொன்னார். "அடி. ஆனா எனக்குக் கேக்கற மாதிரி அடி. நோவுச்சின்னா நான் ஒரு தட்டு தட்டறேன், நிறுத்திக்கோ."

அவர் வாயால் என்னை அடி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுபடி திருப்பதி. கடைக்காரருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது. "இன்னாபா, சத்தம் வருதுன்னு திருப்பிக் கொண்டாந்துட்டியா?" என்றார்.

"இல்லீங்க. சத்தம் வர்றதில்ல. அதான் வந்தேன்."

அவர் முறைத்தார். பக்கவாதம், சுவர், கட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆர்மோனியத்துக்கு அடியில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டை உருவி என் முன்னால் போட்டார். "செருப்பு வாணாம். இதுல அடி" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே ஒவ்வொரு குச்சியாக எடுத்து அடித்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "இது குத்துது. வேற." "இது கேக்கல." "இது பரவால்ல, ஆனா பல்லி கத்தற மாதிரி கீது." கல்லாவில் ஆளைக் காணாமல் வாடிக்கையாளர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார். கடைசியில் நடுத்தரக் கனத்தில், நுனி கொஞ்சம் தடிமனாக இருந்த ஒரு குச்சியை அடித்ததும் கதவு திறந்தது.

"இதான்" என்றார். "யாரோ பக்கத்துல வேல செஞ்சிக்கினு கீற மாதிரி கேக்குது."

என்னிடம் இத்தனை வருடத்தில் ஓடிய குச்சிகளில் இந்த ஜோடி ஒன்றுதான், என் காதுக்கு அல்லாமல் வேறொருவர் காதுக்காகப் பொறுக்கியது.

அதன் பிறகு வந்த மாதங்களில் வீட்டுக்குள் ஒரு மாதிரி சமாதானம் இருந்தது. சாப்பாடு கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்து, பவுடர் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். இரண்டு பாட்டோ மூன்று பாட்டோ ஓடும். கட்டிலில் தட்டு விழும். நிறுத்திவிடுவேன். சில நாள் முதல் பாட்டிலேயே விழும். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஒன்றைக் கவனிக்க எனக்குப் பல நாள் ஆனது. அவர் ஒருபோதும் தாளத்தின் நடுவில் தட்டியதில்லை. தாளம் ஒரு சுற்று முடிந்து வந்து சேருகிற இடத்தில், சரியாக அந்த முதல் அடியில்தான் அவர் குச்சி விழும். கோயில் மணி அடித்த கை அது, அல்லது அதற்கும் முந்தைய கை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

சீசன் நெருங்கியது. செட் கைக்கு வந்துவிட்டது. முதலாளி வந்து கேட்டுவிட்டு மெட்ராஸ்காரனைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார். ஒரு குறைதான். கச்சேரி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்ததில்லை. அதற்குள் தட்டு விழுந்துவிடும்.

அன்று கரண்ட் இல்லை. கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், வெறும் ரப்பர்தான். ஹெட்போனை மாட்டவே இல்லை. கை பழகட்டும் என்று செத்த தட்டுகள் மேலேயே ஆரம்பித்தேன். டக் டக் என்ற அந்தச் சத்தம் மட்டும்தான் வீட்டில் இருந்தது; நைனாவுக்குத் தினமும் கேட்டது என்ன என்பது அன்றுதான் எனக்கும் கேட்டது. மூன்று பாட்டு முடிந்தது. தட்டு விழவில்லை. நான்காவதற்குப் போனேன். சாமி பாட்டு, டூயட், வேகப் பாட்டு என்று மேடை வரிசைப்படியே போனேன். ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்பேன். விழாது. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. நைனா இன்றைக்கு விட்டுவிட்டார், கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். எப்போதும் தடுக்கி விழுகிற ஒரு பாட்டில்கூட அன்று தடுக்கவில்லை. கடைசிப் பாட்டு வரை முழுக் கச்சேரியையும் முடித்துவிட்டு, வேர்வையைக்கூடத் துடைக்காமல் அவரிடம் சொல்ல ஓடினேன்.

குச்சி அவர் இடது கையில்தான் இருந்தது. கை மார்பின் மேல் இருந்தது. விரல்கள் குச்சியைச் சுற்றி மூடியிருந்தன. தொட்டுப் பார்த்தேன், நெற்றியில் இன்னும் சூடு இருந்தது. நைனா, நைனா என்று எத்தனை தரம் கூப்பிட்டேனோ தெரியாது.

என் மனைவி வந்துதான் அந்த விரல்களைப் பிரித்தாள். புதிதாக வந்திருந்த கோயில்பிள்ளை துக்க மணி அடித்தான். அவனுக்கு இடைவெளி விடத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அவசரமாக அடித்தான். போய் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வழக்கப்படி மேளம் இல்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். அடுத்த வாரமே திருப்பதியில் கல்யாணக் கச்சேரி. அதே குச்சிகளோடு போய் வாசித்தேன். ஸ்பீக்கர் போட்ட அலறலில் குச்சியின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆட்கள் ஆடினார்கள். முதலாளி மைக்கிலேயே என்னைப் பாராட்டினார்.

ஒன்று மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்று நைனா தட்டாமல் இருந்தாரா, தட்ட முடியாமல் இருந்தாரா? வேண்டுமென்றேதான் தட்டாமல் இருந்தார், முழுக் கச்சேரியும் கேட்டார் என்று சில நாள் நம்பிக்கொள்வேன். அந்த நாட்களில் சோறு இறங்கும். மற்ற நாட்களில், எந்தப் பாட்டிலிருந்து ஆளில்லாத வீட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன் என்று முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.